அடுக்குமாடிக் குடியிருப்பில் சட்டமும் துணைவிதியும்: பாயான் பாருவை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

1969ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பெற்ற பினாங்கு மேம்பாட்டுக் கழகம் பினாங்குத் தீவில் உருவாக்கிய புதுநகரமே பாயான் பாரு. அருகிலுள்ள பாயான் லெப்பாசில் 1972இல் தடையற்ற வணிக மண்டலம் அமைந்தபின், ஆலைகளில் பணிபுரிவோரின் இருப்பிடமாக இது வளர்ந்தது. இன்று இங்கு வாழ்வோருள் பலர் அடுக்குமாடிகளில் வாழ்கின்றனர். தரைவீட்டில் வாசலும் முற்றமும் வீட்டாருக்கே உரியவை. அடுக்குமாடியில் கதவுக்கு வெளியே உள்ள நடைபாதை அனைவர்க்கும் உரிய பொதுச்சொத்து. இந்நிலையில், நிர்வாகக் குழு எதை விதிக்கலாம், எதை விதிக்கலாகாது என்னும் வினா எழுகிறது. இதனை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

மூன்று படிநிலைகள்

தீபகற்ப மலேசியாவில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நிர்வாகத்தை நெறிப்படுத்துவது 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் (சட்டம் 757) ஆகும். பினாங்கில் இது 2015 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. விதிகளை நாம் மூன்று படிகளாகக் காணலாம். முதற்படி, நாடாளுமன்றச் சட்டமும் நகராண்மையின் ஒழுங்குகளும். இரண்டாம் படி, 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின் மூன்றாம் அட்டவணையில் உள்ள பொதுத் துணைவிதிகள். இவை எல்லாக் குடியிருப்புகளுக்கும் பொருந்துவன. மூன்றாம் படி, வீட்டுரிமையாளர்கள் தமக்கென இயற்றிக்கொள்ளும் கூடுதல் துணைவிதிகள். கீழ்ப்படி மேற்படிக்கு முரணாதல் கூடாது என்பதே அடிப்படை நெறி.

வீட்டைப் புதுப்பிக்க விரும்புபவர் நிர்வாகத்தின் எழுத்துவழி ஒப்புதலைப் பெறவேண்டும். தேவைப்படுமிடத்து உரிய அரசு அமைப்பின் ஒப்புதலையும் பெறவேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. நிர்வாகம் இசைந்ததென்று மாநகராண்மையின் அனுமதியின்றிச் சுவரை இடித்தல் இயலாது.

குழுவின் அதிகாரமும் எல்லையும்

மூன்று முதல் பதினான்கு பேர் வரை கொண்ட நிர்வாகக் குழு தானாகவே கூடுதல் துணைவிதி இயற்ற இயலாது. இருபத்தொரு நாள் முன்னறிவிப்புடன் கூட்டப்பெறும் பொதுக்கூட்டத்தில், அளிக்கப்பெற்ற செல்லுபடியாகும் வாக்குகளுள் நான்கில் மூன்று பங்கினர் இசையவேண்டும். வாகன நிறுத்தம், வளர்ப்புப் பிராணிகள், குப்பை அகற்றல், பாதுகாப்பு முதலியன குறித்து இவ்வாறு விதிகள் அமையலாம். மீறுவோர்க்கு விதிக்கும் தண்டம் 200 ரிங்கிட்டை விஞ்சலாகாது. வீட்டை விற்பதையோ குத்தகைக்கு விடுவதையோ எந்தத் துணைவிதியாலும் தடுக்க முடியாது.

இவ்வெல்லை எதுவரை நீளும் என்பதைக் கூட்டரசு நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியது. கோலாலம்பூர் மொண்ட் கியாராவிலுள்ள ஓர் அடுக்குமாடியில் குறுகியகால வாடகையைத் தடைசெய்த துணைவிதி செல்லுமா என்பதே வழக்கு. அத்தகைய வாடகை சட்டம் பாதுகாக்கும் குத்தகை அன்று எனக் கூறி, நீதிமன்றம் விதியை ஏற்றது. பினாங்கிலோ 2023இல் குறுகியகால வாடகைக்கெனத் தனி வழிகாட்டு நெறிகள் வகுக்கப்பெற்றன. ஆதலின் இங்கு அண்டைவீட்டாரின் இசைவு மட்டும் போதாது. நகராண்மையின் நெறியையும் நோக்கவேண்டும்.

வாராதோர் இழப்பது

பொதுக்கூட்டத்தின் குறைவெண் வாக்குரிமையுடையோருள் பாதி. எனினும் குறித்த நேரத்தினின்று அரைமணி நேரத்துள் அவ்வெண் நிறைவுறாவிடின், வந்திருப்போரே குறைவெண் ஆவர். எனவே நூற்றுக்கணக்கான வீடுகளைக் கட்டுப்படுத்தும் விதியை மிகச் சிலர் இயற்றிவிட முடியும். கூட்டத்திற்கு ஏழாம் நாள் முன்பு பராமரிப்புக் கட்டண நிலுவை உடையவர்க்கு வாக்கும் இல்லை. நடைபாதையில் காலணி அடுக்கும் பூந்தொட்டியும் வைப்பது, வாசலில் விளக்கேற்றுவது போன்ற அன்றாட வழக்கங்கள் இத்தகைய கூட்டங்களிலேயே முடிவு செய்யப்பெறலாம். தீயணைப்புப் பாதுகாப்புக்கு உரிய வழி விடுவது கட்டாயம்; அதற்கு அப்பால் எதற்கு எவ்வளவு இடம் தருவது என்பது பேசித் தீர்க்கத்தக்கது. பேச வருவோர்க்கே அவ்வாய்ப்பு உண்டு.

இந்நெறி தமிழர்க்குப் புதிதன்று. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், முதலாம் பராந்தகன் காலத்தில் ஊர்ச்சபை தன் வாரியங்களுக்கான விதிகளைத் தானே வகுத்தமையையும், அரச அதிகாரி உடனிருந்தமையையும் காட்டுகின்றன. கணக்குக் காட்டாதோர் மீண்டும் வாரியப் பொறுப்புக்கு வர இயலாது என்றும் அவை விதித்தன. காலமும் சமூகமும் வேறாயினும், மேலாணைக்கு உட்பட்டு ஊரார் விதி வகுத்தலும், கடமை வழுவினோர் உரிமை இழத்தலும் இரண்டிற்கும் பொதுவாயுள்ளன.

முடிவுரை

நிர்வாகக் குழுவின் அதிகாரம் சட்டத்தினின்றும் வீட்டுரிமையாளரின் வாக்கினின்றும் பெறப்பட்டதே. இவ்விரண்டையும் மீறிய விதி தீர்ப்பாயத்தில் நிலைக்காது. ஆயினும் எவரும் எதிர்க்காத விதி, செல்லாததாயினும் நடைமுறையில் நிலைத்துவிடும். துணைவிதிகளின் படியைப் பெற்றுப் படித்தலும், அவற்றைத் தமிழில் எளிதாக விளக்கி அக்கம்பக்கத்தார்க்கு எடுத்துரைத்தலும் தமிழாசிரியர் ஆற்றத்தக்க பணி எனக் கருதுகிறோம்.