மூலப் பிரதி எங்கே?

ஆந்திர எல்லையை ஒட்டி, ஆரணி ஆற்றங்கரையில், தமிழும் தெலுங்கும் ஒரே கடைத்தெருவில் தடையின்றிப் புழங்கும் ஊத்துக்கோட்டையின் அண்மைக்காலச் சரித்திரத்தை இன்னும் ஐம்பது ஆண்டுகள் கழித்து எழுதப் புகும் ஒருவர், அரசாங்கப் பதிவேடுகளையும் கிரயப் பத்திரங்களையும் புரட்டி முடித்தபின், இவ்வூர் மக்கள் எவ்வாறு பேசினார்கள், எந்த ஆபரணங்களை அணிந்தார்கள், எந்தப் பந்தலில் யாருக்கு முதல் தாம்பூலம் கொடுத்தார்கள் என்பதையெல்லாம் அறிய விரும்புவாரானால், அவர் கடைசியில் வந்து நிற்க வேண்டிய இடம் கலியாண வீடியோவும் கோயில் திருவிழா வீடியோவுமே ஆகும் என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம். நூலில் ஏறாத ஊர்களும், பத்திரிகையில் இடம் பெறாத குடும்பங்களும் தம்மைப் பற்றி விட்டுச் செல்லும் விரிவான சாட்சியம் வேறு ஏது? வீடியோவைப் பற்றி எழுதுவோர் பலரும் நாளைக்கு வரப்போகும் அற்புதங்களையே வர்ணிக்கிறார்கள். நேற்று எடுக்கப்பட்டவை இன்று என்ன கதியில் இருக்கின்றன என்று விசாரிப்போர் அரிதாகையால், இக்கட்டுரையில் அந்த விசாரணையையே பிரதானமாகக் கொள்கிறேன்.

தொண்டை மண்டலத்தைச் சேர்ந்த இப்பிரதேசத்தில், திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதப் பிரசங்கமும், இரவு முழுவதும் தெருக்கூத்தும், தபசு மரம் ஏறும் அர்ச்சுனனும், படுத்த கோலத்தில் மண்ணால் சமைத்த துரியோதனன் உருவத்தின் அருகே நிகழும் படுகளமும், அதன் முடிவில் தீமிதியும் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகின்றன. வாத்தியாரிடம் கேட்டும் கண்டும் கற்ற இக்கலையில், பாட்டை ஏட்டில் எழுதி வைக்கலாம். அடவையும், கட்டைக்குரலின் ஏற்ற இறக்கத்தையும், முகத்தில் அரிதாரம் தீட்டிய முறையையும் ஏட்டில் அடைக்க முடியாது. ஆடி மாதத்தில் வேப்பஞ்சேலை உடுத்திப் பெரியபாளையத்துப் பவானி அம்மனைத் தரிசிக்கச் செல்லும் கூட்டத்தையும், எல்லைக்கு அப்பால் சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்ட கோலத்தில் இருக்கும் ஈசுவரனின் பிரதோஷ நாள் நெரிசலையும் படமெடுத்தவர்கள் எத்தனையோ பேர். 1996-ஆம் ஆண்டில் கிருஷ்ணா நதிநீர் கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியே வந்து, ஊத்துக்கோட்டைக்கு அருகிலுள்ள எல்லையை முதன்முதலாகத் தொட்டபோது, அந்தக் காட்சியை உள்ளூர்க்காரர் எவரேனும் தம் சொந்தக் காமிராவில் பதிந்திருந்தால், அந்த நாடா இன்று எந்தப் பரணில் கிடக்கிறது?

அக்காலத்திய பதிவுகள் பெரும்பாலும் வி.எச்.எஸ். காசெட்டுகளில்தான் இருக்கின்றன. காசெட்டுக்குள் இருப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் நாடாவும், அதன்மேல் பசையினால் பிடித்து வைக்கப்பட்ட காந்தத் துகள்களுமே. நம் பக்கத்து உஷ்ணமும் ஈரக்காற்றும் அந்தப் பசையை இளக்குகின்றன. அடைமழைக் காலத்தில் நாடாவின் விளிம்பில் வெண்ணிறப் பூஞ்சை படர்கிறது. பிச்சாட்டூர் நீர்த்தேக்கம் திறக்கப்பட்டு ஆற்றில் வெள்ளம் பெருகும் ஆண்டுகளில், தாழ்வான வீடுகளில் இருந்தவை நனைந்தும் போகின்றன. நாடா பிழைத்தாலும் அதை ஓட்டுவதற்குக் கருவி வேண்டுமே? உலகில் வி.எச்.எஸ். கருவியைச் செய்துவந்த கடைசி நிறுவனமும் 2016-ஆம் ஆண்டில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. காந்த நாடாக்களைப் பற்றி 2019-இல் யுனெஸ்கோவின் ஆதரவில் வெளியிடப்பட்ட எச்சரிக்கை, ஏறத்தாழ 2025-ஆம் ஆண்டுக்குப் பின் அவற்றை ஒழுங்காக ஓட்டிப் பார்ப்பதே துர்லபமாகிவிடும் என்ற நிபுணர்களின் கணிப்பைச் சொல்லிற்று. அந்த ஆண்டையும் நாம் கடந்துவிட்டோம்.

ஆகவே ஜனங்கள் காசெட்டை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போகிறார்கள். அங்கே ஒரு பழைய வி.சி.ஆரைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, படத்தை எம்.பி.4 கோப்பாக மாற்றி, பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். இத்தொழிலில் நீண்ட அனுபவமுடைய ஒரு ஸ்டுடியோக்காரரிடம், மாற்றி முடித்த காசெட்டை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "திருப்பிக் கேட்டா குடுத்துடுவோம் சார். நெறைய பேரு கேக்கமாட்டாங்க. 'பென் டிரைவ்ல வந்துடுச்சு இல்ல, அது வேற எதுக்குண்ணா இடத்தை அடைச்சிக்கினு'ன்னு விட்டுட்டுப் போயிடுவாங்க" என்றார். அவர் மீது குற்றமில்லை. கேட்ட வேலையைச் செய்து கொடுத்தார். வாடிக்கையாளர் மீதும் குற்றமில்லை. படம் ஓடுகிறது, முகங்கள் தெரிகின்றன, பாட்டுக் கேட்கிறது. ஆயினும் அந்த ஒரு வாக்கியம் என் மனத்தை விட்டு அகலவில்லை. ஏனெனில் பென் டிரைவில் வந்து சேர்ந்தது நாடாவில் இருந்ததன் ஓர் அம்சமே அன்றி முழுமையன்று.

இதற்குக் காரணம் சுருக்கும் முறையிலேயே இருக்கிறது. நம் நாட்டுப் பழைய தொலைக்காட்சி முறையான பால் (PAL) முறைப்படி விநாடிக்கு 25 படங்களாக, 720-க்கு 576 புள்ளிகள் அளவில், வி.எச்.எஸ். சமிக்ஞையைச் சுருக்காமல் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 75 கிகாபைட் ஆகும். ஸ்டுடியோ கொடுக்கும் எம்.பி.4 கோப்போ சாதாரணமாக ஒரு மணிக்கு ஒரு கிகாபைட் அளவிலேயே இருக்கிறது. எச்.264 முறையில் சுருக்கும் எக்ஸ்264 போன்ற மென்பொருள், அடுத்தடுத்த படங்களில் மாறாதவற்றைத் திரும்ப எழுதாமல் விட்டும், மனிதக் கண் கவனியாது என்று கருதும் நுட்பங்களைக் கழித்தும், இந்த விந்தையைச் சாதிக்கிறது. எவ்வளவு கழிக்கலாம் என்பதை சி.ஆர்.எஃப். என்ற ஓர் எண் நிர்ணயிக்கிறது; நாம் ஒன்றும் சொல்லாவிடில் எக்ஸ்264 அதை 23 என்று வைத்துக்கொள்ளும்; எண்ணைக் குறைக்கக் குறைக்கத் தரம் உயரும், கோப்பும் பெருக்கும். பட்டப்பகலில் எடுத்த கலியாண ஊர்வலத்துக்கு இச்சுருக்கம் பெரிய பாதகம் செய்வதில்லை. நள்ளிரவில், குழல் விளக்கின் மங்கிய ஒளியில் எடுக்கப்பட்ட கூத்தையோ, இருளும் நாடாவின் இரைச்சல் புள்ளிகளும் கலந்து நிற்கும் அந்தப் படத்தில் வேடக்காரர் கிரீடமும் புஜகீர்த்தியும் தரித்து வேகமாகச் சுழன்றாடும்போது, கொடுத்த சொற்ப இடத்துக்குள் அடக்க இயலாமல் மென்பொருள் அரிதாரத்தின் கோடுகளை வழித்துவிடுகிறது. இருண்ட மூலைகள் சதுரம் சதுரமாக உடைகின்றன. எந்தக் காட்சி மிகவும் அபூர்வமோ அந்தக் காட்சியே மிகவும் சேதப்படுகிறது.

இதைவிடச் சூட்சுமமான சேதம் இன்னொன்று உண்டு. பழைய வீடியோவில் ஒவ்வொரு படமும் ஒற்றை வரிகள் ஒரு பாதியாகவும் இரட்டை வரிகள் மறுபாதியாகவும் பிரிந்து, விநாடிக்கு 50 பாதிகளாகப் பதிவாகியிருக்கிறது. கைப்பேசித் திரையில் காட்ட வேண்டுமானால் இவற்றை முறையாக இணைத்தாக வேண்டும். எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் அதற்கென்றே யாடிஃப், பி.டபிள்யூ.டிஃப் என்னும் வடிகட்டிகள் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தாமலோ, வரிகளின் முறையை மாற்றியோ சுருக்கிவிட்டால், கை அசையும்போதெல்லாம் விளிம்பில் கோடுகள் பிரிந்து தெரியும். அப்படியே பாதியளவுக்குக் குறுக்கிவிட்டாலோ, பின்னர் எந்த நிபுணராலும் அதைச் செப்பனிட முடியாது. அப்புறம் அந்தக் கோப்பு உறவினர் கைப்பேசிகளுக்குச் செயலி வழியே போகும்போது மறுபடியும் சுருங்குகிறது. அங்கிருந்து இணையத்தில் ஏறும்போது மூன்றாம் முறை சுருங்குகிறது. மூலம் கையில் இருந்தால் எத்தனை பிரதிகள் கெட்டாலும் கவலையில்லை. விதைநெல் பத்திரமாக இருக்கும் வீட்டில் ஒரு போகம் பொய்த்ததற்காக யாரும் அழுவதில்லை. நாமோ விதையையும் சேர்த்தல்லவா குத்திவிடுகிறோம்?

இத்தனைக்கும் பரிகாரம் விலை கொடுத்து வாங்க வேண்டியதன்று என்பதே எனக்கு மிகுந்த ஆச்சரியமும் ஆதங்கமும் தருவதாகும். 2000-ஆம் ஆண்டில் தொடங்கி, உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் கூடி வளர்த்துவரும் எஃப்எஃப்எம்பெக் ஒரு பைசாக் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். அதே முயற்சியில் பிறந்த எஃப்.எஃப்.வி.1 என்னும் முறை, ஒரு புள்ளியையும் இழக்காமல் படத்தை ஏறத்தாழப் பாதியளவுக்குச் சுருக்குவதோடு, பிற்காலத்தில் கோப்பில் ஏதேனும் ஊனம் நேர்ந்தால் அது எந்தப் பகுதியில் என்று கண்டுபிடிக்கும் சோதனை எண்களையும் உடன் எழுதி வைக்கிறது. இம்முறையின் இலக்கணம் முழுவதும் 2021-இல் ஆர்.எஃப்.சி. 9043 என்றும், அதை வைக்கும் மட்ரோஸ்கா என்னும் பேழையின் இலக்கணம் 2024-இல் ஆர்.எஃப்.சி. 9559 என்றும் இணையத் தொழில்நுட்ப ஆவணங்களாகப் பகிரங்கமாக வெளியிடப்பட்டுவிட்டன. நான்கு டெராபைட் வட்டு ஒன்றில் ஏறத்தாழ நூறு மணி நேரத்து நாடாவை இவ்விதம் எள்ளளவும் குறையாமல் வைத்துவிடலாம்.

இலக்கணம் பகிரங்கமாக இருப்பது வெறும் கௌரவப் பிரச்சினையன்று. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தமிழ்ப் பாட்டும் பேச்சும் இணையத்தில் ரியல் மீடியா கோப்புகளாக வந்தன. பின்பு ஃபிளாஷ் வீடியோவாக வந்தன. 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஃபிளாஷுக்கான ஆதரவு முடிந்தது. அவ்வாறு அநாதையான கோப்புகளை இன்றைக்கும் திறக்க முடிகிறதென்றால், மூடிவைத்திருந்த சூத்திரங்களைப் பொறுமையோடு ஆராய்ந்து கண்டறிந்து, எஃப்எஃப்எம்பெக்கில் எழுதிச் சேர்த்த தன்னார்வலர்களின் உபகாரமே அதற்குக் காரணம். இணையத்தில் காட்டுவதற்கும் இப்போது திறந்த வழிகள் உண்டு: 2010-இல் வெப்எம் பேழையும் வி.பி.8 முறையும் எல்லாருக்கும் உரிமையாயின, 2013-இல் வி.பி.9, 2018-இல் ஏவி1 என்று ஒன்றைவிட ஒன்று நுணுக்கமாக வளர்ந்தன. விக்கிமீடியா பொதுவகம், ஏறக்குறைய அதன் தொடக்கமுதலே, உரிமக் கட்டணச் சிக்கலில்லாத இத்தகைய முறைகளையே வீடியோவுக்குப் பிரதானமாகக் கைக்கொண்டிருக்கிறது. எம்.பி.4 எங்கும் ஓடுகிறது, ஏழைக் குடும்பத்துக்கு வட்டு வாங்கப் பணமில்லை என்று சொல்வோரும் உண்டு. பார்க்கும் பிரதி எம்.பி.4 ஆகவே இருக்கட்டும், காக்கும் பிரதியைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

காக்கத் தவறியதன் பலன் என்னவென்று தமிழர்களுக்கு நினைவூட்ட வேண்டிய அவசியமே இல்லை. சென்னையில் உருவான முதல் கதைப்படமான ‘கீசக வதம்’ இன்று இல்லை. 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ இல்லை. ஊமைப்பட யுகமே ஏறத்தாழ அடியோடு போய்விட்டது. நைட்ரேட் சுருள்கள் தாமாக எரிந்தும் மக்கியும் போயின. ஓடி முடிந்த பிரதிகளில் இருந்த வெள்ளிக்காக அவற்றைக் கழுவி விற்றதும் நம் நாட்டில் நடந்ததுதான். படம் ஓடி முடிந்தது, இனி அதனால் பிரயோஜனம் இல்லை என்று அன்று எண்ணியவர்களும், பென் டிரைவில் வந்துவிட்டது, இனிக் காசெட்டால் பிரயோஜனம் இல்லை என்று இன்று எண்ணுகிறவர்களும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். அன்று மாற்று வழி தெரியவில்லை. இன்று வழி இலவசமாகவே கிடைக்கிறது.

புதிதாக எடுப்பவற்றுக்கும் இதே கவலை பொருந்தும். எம்.பி.4 கோப்பின் பொருளடக்கம் வழக்கமாகப் பதிவு முடியும்போதுதான் எழுதப்படுகிறது. திருவிழாவின் நடுவே மின்சாரம் போனாலோ பாட்டரி கழன்றாலோ அதுவரை பதிந்த முழுவதும் திறக்க முடியாத கோப்பாக நின்றுவிடக்கூடும். கம்ப்யூட்டர் வழியே நேரலை செய்வோர் ஓ.பி.எஸ். போன்ற திறந்த மென்பொருளில் மட்ரோஸ்கா பேழையைத் தெரிந்தெடுத்தால், மின்சாரம் நின்ற கணம் வரையிலாவது பதிவு மிஞ்சும்.

எனவே நான் விண்ணப்பிப்பது இதுதான். காசெட்டை மாற்றக் கொடுக்கும் குடும்பத்தார் அதைத் தவறாமல் திரும்பப் பெற வேண்டும்; ஸ்டுடியோக்காரர்கள் சுருக்கிய பிரதியோடு இழப்பில்லாத பிரதி ஒன்றையும் தயாரித்து, அதற்குரிய நியாயமான கூலியைக் கூச்சமின்றிக் கேட்க வேண்டும்; கூத்து மேளங்களும் கோயில் நிர்வாகத்தாரும் தங்கள் பதிவுகளை இரண்டு வட்டுகளில் எழுதி, ஒன்றையேனும் வெள்ளம் எட்டாத வேறோர் ஊரில் வைக்க வேண்டும். பழுது நீக்கிய ஒரு வி.சி.ஆர்., ஒரு கம்ப்யூட்டர், இக்கருவிகளைப் பழகிய ஓர் இளைஞர் என்ற இவ்வளவும் ஒரு கிளை நூலகத்தில் அமைந்தால், ஊத்துக்கோட்டை முதல் கும்மிடிப்பூண்டி வரையுள்ள கிராமங்களின் நாடாக்களைக் கரையேற்றிவிடலாம். இதற்கு முதலில் தேவைப்படுவது பணமன்று, காலம். ஓடும் நிலையிலுள்ள வி.சி.ஆர். ஆண்டுதோறும் குறைந்து வருவதால், அடுத்த திருவிழாவுக்குக் காமிராவை அமர்த்தும் முன்பாகவே கடந்த திருவிழாக்களின் காசெட்டுகளைத் தேடி எடுத்துக் கணக்கெடுக்கும் வேலையை ஒவ்வோர் ஊராரும் தொடங்கிவிட வேண்டும்.