மலையும் மனக்கண்ணும்

நிழற்படக் கருவி உள்ளதை உள்ளவாறே காட்டுவது. அதில் கலைக்கு இடமேது என வினவுவார் உளர். அமெரிக்க நாட்டு ஆன்சல் ஆடம்ஸ் என்பார் (1902-1984) தம் தொழிலாலேயே அதற்கு விடை பகர்ந்தார்.

இளமையில் பியானோ பயின்ற இவர், 1916ஆம் ஆண்டில், தம் பதினான்காம் அகவையில், யோசெமிட்டி பள்ளத்தாக்கை முதன்முதல் கண்டு, பெற்றோர் அளித்த சிறு கோடக் கருவியால் படம் பிடித்தார். அன்றுமுதல் அம்மலைகள் அவருள்ளத்தை ஆண்டன.

1927ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், கனத்த கருவியைச் சுமந்து பனிபடர்ந்த மலையேறி, 'ஹாஃப் டோம்' என்னும் பெரும்பாறையின் எதிரே நின்றார். எஞ்சியிருந்த தகடுகள் இரண்டே. ஒன்றை மஞ்சட் கண்ணாடியின் வழியே பதித்தார். பாறை தம் உள்ளத்தில் எழுப்பிய வியப்பு அதில் அமையாதென உடனே உணர்ந்தார். ஆதலின் கடைசித் தகட்டிற்குச் சிவப்புக் கண்ணாடியைப் பொருத்தினார். அது நீலவொளியைத் தடுக்குமாதலின், படத்தில் வானம் ஏறக்குறையக் கருமையாயிற்று. பாறை அஞ்சத்தகு பெருமிதத்தோடு விளங்கிற்று.

அன்று வானம் கருமையாகவா இருந்தது? இல்லை, நீலமே. எனினும் அப்படத்தைப் பொய்யென்னலாமோ? கண் கண்டதனோடு உள்ளம் உணர்ந்ததும் அதில் உளதன்றோ! பதிக்குமுன்னரே முடிந்த படத்தை மனத்தில் காண்டல் வேண்டுமென அவர் பின்னர்ப் பலர்க்கும் கற்பித்தார். 'நெகடிவ்' என்னும் மூலத்தகடு இசைக்குறிப்பை ஒக்கும். அச்சிடும் படமே இசை என்பது அவர் கொள்கை. ஆகவே பழைய தகடுகளினின்றே முதுமையிலும் புதிது புதிதாய் அச்சிட்டு வந்தார்.

அவ்வுழைப்பு அழகோடு நின்றுவிடவில்லை. 1938ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய சியரா நெவாடா மலைப்படங்கள், 1940ஆம் ஆண்டில் கிங்ஸ் கான்யான் தேசியப் பூங்கா அமைதற்குத் துணைபுரிந்தன. கண்டதை உணர்ந்து காட்டுவோனே பிறரையும் காணச்செய்வான்.