மூன்று ஏக்கருக்கும் சட்டம் உண்டு

அலோர் காஜா மாவட்டத்துச் செம்பனைக் காடுகளில் பெய்யும் மழையில் ஒரு பகுதி, கால்வாய்களில் இறங்கி கோலா சுங்கை பாருவில் கடல் சேர்கிறது. வழியில் பெரிய தோட்டங்களும் உண்டு, வேலை ஓய்வுக்குப் பின் சேமிப்புப் பணத்தில் வாங்கிய மூன்று ஏக்கர் நிலங்களும் உண்டு. தண்ணீர் கெட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுகிறார். ‘நம்முடையது சின்ன நிலம், நமக்கென்ன சட்டம்?’ என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அந்த எண்ணத்தால் நஷ்டப்படுவது சிறு நிலக்காரர்தான்.

பரப்பளவு எங்கே கணக்கில் வருகிறது என்று பார்ப்போம். எம்.எஸ்.பி.ஓ. எனப்படும் மலேசிய நிலைத்தன்மைச் சான்றிதழ் 2020 முதல் கட்டாயம். 40.46 ஹெக்டருக்கு, அதாவது 100 ஏக்கருக்கு உட்பட்டவர் சிறு நிலக்காரர். அவருக்கான விதிகள் எளியவை. தனியாகத் திண்டாடாமல், மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியமான எம்.பி.ஓ.பி. அமைக்கும் குழுவில் சேர்ந்து சான்றிதழ் பெறலாம். 500 ஹெக்டருக்கு மேற்பட்ட தோட்டங்களுக்குத் தனி விதித்தொகுப்பு இருக்கிறது. அதிகம் ஈட்டுபவர் அதிகம் பொறுப்பேற்பது நியாயமே.

தீ வைப்பதில் அந்தச் சலுகை கிடையாது. 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம், விலக்களிக்கப்பட்ட சில சூழல்கள் தவிர, திறந்தவெளியில் எரிப்பதைத் தடுக்கிறது. 2024 திருத்தத்துக்குப் பின் அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். ‘கூலியாள் கொளுத்திவிட்டான்’ என்று ஒதுங்கவும் முடியாது. நிலத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரே எரித்ததாகச் சட்டம் கொள்ளும். இல்லையென்று நிரூபிப்பது அவர் பாடு. வெட்டிய மட்டைகளை வரிசைகளுக்கு இடையே அடுக்கிவிடுங்கள். அவை மக்கி உரமாகும், சரிவில் மண்ணும் நிற்கும்.

எனக்கு அதிகக் கவலை களை மருந்து அடிப்பவர்களைப் பற்றித்தான். தோட்டங்களில் இந்த வேலையை நெடுங்காலம் செய்தவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள். முதுகில் டாங்கி, முகத்தில் ஒரு துணி, அவ்வளவுதான் பாதுகாப்பு. அவர்கள் உடலில் விஷம் ஏறுவதைத் தெனாகானித்தா அமைப்பு 2002இலேயே அறிக்கையாக வெளியிட்டது. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கான தடை முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2020இல். பழைய போத்தல் எங்காவது கிடந்தால் தொடாதீர்கள், ஆற்றில் கொட்டவும் வேண்டாம்.

இன்று பல இடங்களில் இந்த வேலை குத்தகைக்காரரிடம் போய்விட்டது. பொறுப்பும் அவரோடு போய்விட்டதாகத் தோட்ட நிர்வாகம் பேசினால் நம்பாதீர்கள். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. குத்தகைக்கு விட்ட நிர்வாகத்தின் பொறுப்பையும் அது வரையறுக்கிறது. சிறு நிலமானாலும் ஆள் வைத்து வேலை வாங்கினால் அது பொருந்தும். சட்டப்படி தர வேண்டிய கையுறை, முகமூடி, பூட்ஸுக்குச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. உடனடி ஆபத்து இருப்பதைச் சொல்லியும் முதலாளி எதுவும் செய்யாவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. புகார் சொன்னதற்காக வேலையை விட்டு நீக்குவது குற்றம்.

ஆறு கறுத்தாலோ மீன் செத்து மிதந்தாலோ நாள், நேரம், இடத்தோடு படம் எடுத்துச் சுற்றுச்சூழல் துறைக்கு 1-800-88-2727 எண்ணில் சொல்லுங்கள். மருந்து அடித்தபின் தலைசுற்றல், வாந்தி, நகம் கறுத்தல் என்றால் போத்தலின் லேபலோடு கிளினிக்குக்குப் போங்கள். செய்த வேலையையும் மருந்தின் பெயரையும் டாக்டர் எழுதட்டும். பின்னால் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் தொழில்நோய் இழப்பீடு கேட்கும்போது அந்தத் தாள் தேவைப்படும்.