வட்டு நேராகப் பறக்க...

குறுவட்டப் போட்டிக்கு ஒரு மாதம் இருந்தபோது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "சார், எனக்குக் கையில பலம் இல்ல. என் பேரை எடுத்துடுங்க சார்" என்றாள். அவள் எறியும் வட்டு ஒவ்வொரு முறையும் காற்றில் தள்ளாடிப் பக்கவாட்டில் விழும். அறிவியல் ஆசிரியரான நான் பள்ளியின் விளையாட்டுப் பொறுப்பையும் பார்க்கிறேன். பலக்குறைவுதான் காரணம் என்று நானும் நம்பினேன். ஒருநாள் பொருள் அறையில் கிடந்த பழைய மரவட்டை எடுத்து எறிந்தாள். அதுவும் அதே 1 கிலோ எடைதான். ஆனால் நேராகச் சென்றது!

இதற்கான விடை நாம் வகுப்பில் நடத்தும் பாடத்திலேயே இருக்கிறது. வேகமாகச் சுழலும் பம்பரம் நிமிர்ந்து நிற்கிறது; சுழற்சி குறைந்தால் தலையாட்டி விழுகிறது. வட்டும் அப்படித்தான். பறக்கும்போது காற்று அதன் முன்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். கவிழாமல் காப்பது சுழற்சி.

எடை ஒன்றாக இருந்தாலும் எல்லா வட்டும் ஒன்றல்ல. எடையின் பெரும்பகுதி விளிம்பில் இருந்தால் நிலைமத் திருப்புத்திறன் அதிகம். அதைச் சுழற்றிவிடுவது கடினம். சுழன்றுவிட்டால் நிலையாக நெடுந்தூரம் போகும். அது தேர்ந்த வீரர்களுக்கானது. தொடக்கநிலை மாணவர்களுக்கு நடுப்பகுதியிலும் எடை உள்ள வட்டே ஏற்றது. விலை கூடியது நல்லது என்று எண்ணி, விளிம்பெடை மிகுந்த வட்டை வாங்கிக் கொடுத்தது என் தவறு. கையளவையும் பார்க்க வேண்டும். 1 கிலோ வட்டின் விட்டம் ஏறத்தாழ 18 செ.மீ., ஆண்களுக்கான 2 கிலோ வட்டின் விட்டம் ஏறத்தாழ 22 செ.மீ.

எறியும் முறைக்கு வருவோம். விரல்களின் முதல் கணுக்கள் மட்டும் விளிம்பைப் பற்ற வேண்டும். கட்டைவிரல் வட்டின் மேல் சும்மா படிந்திருக்கட்டும். இறுக்கிப் பிடித்தால் சுழற்சி கிடைக்காது. வலக்கையால் எறிபவருக்கு வட்டு கடைசியாக ஆள்காட்டி விரலிலிருந்து விடுபட்டு, மேலிருந்து பார்க்கையில் கடிகார முள் திசையில் சுழல வேண்டும். பழகாத பிள்ளைகள் சுண்டுவிரல் வழியே விட்டுவிடுவார்கள்.

இதைத் திருத்த எளிய பயிற்சி ஒன்று உண்டு. வட்டைத் தரையில் சக்கரம்போல உருட்டச் சொல்லுங்கள். சரியாக விட்டால் நேராக உருளும். தவறினால் சாய்ந்து விழும். ஒரு வாரம் உருட்டிய பிறகு நின்ற இடத்திலிருந்து எறியட்டும். உடலைச் சுழற்றி எறிவதை அதற்குப் பின் கற்றுத் தரலாம். வட்டின் மேல் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டால் சுழற்சி கண்ணுக்குத் தெரியும்.

எறிபவருக்குப் பின்னால், போதிய தூரத்தில் மட்டுமே மற்றவர்கள் நிற்க வேண்டும். எல்லோரும் எறிந்து முடித்த பிறகே வட்டுகளை எடுக்கப் போக வேண்டும். ஈரமான வட்டைத் துடைக்காமல் கொடுக்காதீர்கள்.

அந்த மாணவி போட்டியில் பரிசு பெறவில்லை. ஆனால் மூன்று வட்டுகளும் எல்லைக் கோடுகளுக்குள் விழுந்தன. பெயரை எடுக்கச் சொன்னவள் இப்போது மாலையில் மற்ற பிள்ளைகளுக்கு வட்டை உருட்டக் கற்றுக்கொடுக்கிறாள். 'இந்தப் பிள்ளைக்குப் பலம் இல்லை' என்று முடிவு செய்யும் முன், நாம் அதன் கையில் எதைக் கொடுத்தோம் என்று ஒருமுறை பார்த்துவிடுவோம்.