அணுவை எடை போடலாமா?

குட்டி விஞ்ஞானியே, உன் வேதியியல் புத்தகத்தில் தனிம அட்டவணையை எடுத்துப் பார். நியானின் அணு நிறை 20.2 என்று போட்டிருக்கும். "அணுவுக்குள்ளே புரோட்டானும் நியூட்ரானும் முழுசு முழுசாகத்தானே இருக்கின்றன? அந்தப் புள்ளி இரண்டு எங்கிருந்து வந்தது?" என்று உனக்குத் தோன்றியதா? சபாஷ்! அருமையான கேள்வி.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடத்திலும் இப்படி ஒரு புதிர் வந்தது. 1912-ல் ஜே.ஜே. தாம்சன் நியான் வாயுவைச் சோதித்தார். கருவியின் பதிவில் 20 என்ற நிறைக்கு ஒரு கோடு தெரிந்தது. கூடவே 22-க்கும் மங்கலாக ஒரு கோடு! அது என்ன? அவருடைய உதவியாளர் பிரான்சிஸ் ஆஸ்டன் அந்தக் கேள்வியை விடவில்லை. முதல் உலகப் போர் முடிந்ததும், 1919-ல், இன்னும் துல்லியமான கருவி ஒன்றைச் செய்தார்.

அந்த வகைக் கருவிக்கு இன்று நிறை நிறமாலைமானி என்று பெயர். பெயரைக் கண்டு பயப்படாதே!

களத்தில் நெல் தூற்றுவதைப் பார்த்திருக்கிறாயா? முறத்திலிருந்து எல்லாம் ஒன்றாகத்தான் விழும். காற்று வீசியதும் பதர் தள்ளிப்போய் விழும். நெல்மணி பக்கத்திலேயே விழும். விழுந்த இடத்தைப் பார்த்தே எது கனம், எது லேசு என்று சொல்லிவிடலாம். தராசே வேண்டாம். சரிதானே?

அணுக்களைத் தூற்றும் வேலையைக் காந்தம் செய்கிறது. ஆனால் சும்மா இருக்கும் நியான் அணுவைக் காந்தம் வளைக்காது. அதற்கு மின்னூட்டம் வேண்டும், ஓட்டமும் வேண்டும்.

அதனால் முதலில் கருவிக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுவார்கள். பிறகு நியான் வாயுவைக் கொஞ்சமாக உள்ளே விட்டு, அதன்மேல் எலெக்ட்ரான்களை மோத விடுவார்கள். மோதிய வேகத்தில் அணுவிலிருந்து ஓர் எலெக்ட்ரான் தெறித்துப் போகும். மிச்சம் இருப்பது நேர்மின் அயனி. அதை மின்புலத்தால் வேகமாக ஓட விடுவார்கள். வழியில் காந்தம் வளைக்கும். லேசான அயனி அதிகம் வளையும், கனமானது குறைவாக வளையும். எது எங்கே, எவ்வளவு வந்து சேர்ந்தது என்று கடைசியில் பதிவாகும்.

கொஞ்சம் நில். காற்றை ஏன் வெளியேற்றினோம்? யோசித்தாயா? காற்று இருந்தால் அயனிகள் வழியெல்லாம் அதில் மோதித் திசைமாறிப் போய்விடும். சரியாகச் சொன்னாய் என்றால் முதுகில் ஒரு தட்டு!

ஆஸ்டனின் கருவி புதிரை அவிழ்த்தது. நியானிலேயே முக்கியமாக இரண்டு வகை அணுக்கள் இருந்தன. ஏறத்தாழ பத்து அணுவில் ஒன்பது 20, ஒன்று 22. கூட்டிப் பத்தால் வகுத்துப் பார். 20.2 வருகிறதா? 20.2 நிறையுள்ள நியான் அணு எங்குமே இல்லை. அது வெறும் சராசரி! ஒரே தனிமத்தின் இப்படிப்பட்ட வகைகளை ஐசோடோப்புகள் என்கிறோம். 1922-ல் ஆஸ்டனுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அணுக்கள் சேர்ந்த மூலக்கூறையும் இப்படி அளக்கலாம். தண்ணீர் 18-ல் தெரியும், கார்பன் டை ஆக்சைடு 44-ல் தெரியும். மோதலில் சில மூலக்கூறுகள் உடையும். உடைந்த துண்டுகளின் நிறைகளும் பதிவாகும். தண்ணீர் உடைந்தால் 17-லும் ஒரு கோடு வரும். அதிலிருந்து ஒரு ஹைட்ரஜன் கழன்றுவிட்டது, அவ்வளவுதான். துண்டுகளை வைத்தே முழுப் பொருள் எது என்று வேதியியலாளர்கள் கண்டுபிடிக்கிறார்கள்.

நம் நாட்டின் சந்திரயான்-1 விண்கலம் நிலவில் மோதவிட்ட கலத்திலும் இந்த வகைக் கருவி ஒன்று இருந்தது. காந்தத்துக்குப் பதிலாக, நான்கு உலோகத் தண்டுகளுக்கு நடுவே மின்புலத்தால் அயனிகளைப் பிரிக்கும் சின்னக் கருவி. 2008 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று, நிலவை நோக்கி விழுந்துகொண்டே அது அளந்தது. 18-ல் தண்ணீரின் தடயம் தெரிந்தது!

இப்போது உனக்கு ஒரு கணக்கு. குளோரினில் நான்கு அணுவுக்கு மூன்று 35, ஒன்று 37. சராசரி என்ன? கண்டுபிடித்துவிட்டு, புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்.