வகுப்பறைக்குள் ஒரு பார்லிமெண்டு!

"அமைதி! அமைதி! அங்கத்தினர்கள் அவரவர் இடத்தில் உட்கார வேண்டும்!"

இப்படி அதட்டுகிற சபாநாயகருக்கு வயது 15. பத்தாம் வகுப்பு மாணவி. எதிரே கல்வி மந்திரி பதில் சொல்ல முடியாமல் திணறுகிறார். அவருக்கு இன்னும் மீசை முளைக்கவில்லை!

இது கேலிக்கூத்து அல்ல, பாடம். பார்லிமெண்டு எப்படி நடக்கிறது, சட்டம் எப்படிப் பிறக்கிறது என்பதை விளையாட்டாகவே சொல்லிக் கொடுக்கும் பாடம்.

பம்பாயில் பிறந்த யோசனை

1962-ம் ஆண்டில் பம்பாயில் அகில இந்தியக் கொறடாக்கள் மாநாடு நடந்தது. பள்ளிக்கூடங்களிலும் பஞ்சாயத்துகளிலும் மாதிரி பார்லிமெண்டு நடத்த சர்க்கார் ஊக்கம் அளிக்க வேண்டும் என்று அந்த மாநாடு சிபாரிசு செய்தது. அதன் பலனாக, 1966-67ல் டெல்லிப் பள்ளிக்கூடங்களில் இளைஞர் பார்லிமெண்டுப் போட்டி ஆரம்பமாயிற்று. பிறகு கேந்திரீய வித்யாலயங்கள், நவோதயா பள்ளிகள், சர்வகலாசாலைகள் என்று பரவியது.

பள்ளிப் போட்டியில் கலந்துகொள்வோர், 9-ம் வகுப்பிலிருந்து 12-ம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்கள். பதவிப் பிரமாணம், இரங்கல் உரை, கேள்வி நேரம், கவன ஈர்ப்பு, மசோதா எல்லாம் உண்டு. நிஜ சபையில் நாள் முழுவதும் நடப்பதை ஒரு மணி நேரத்துக்குள் நடத்திக் காட்ட வேண்டும்.

மறக்காத பாடம்

"சபை கூடக் குறைந்தபட்சம் பத்தில் ஒரு பங்கு அங்கத்தினர்கள் வேண்டும்" என்று புத்தகம் சொல்கிறது. பரீட்சை முடிந்ததும் பையன் மறந்து விடுகிறான். 543 இடங்கள் உள்ள லோக் சபையில் 55 பேர் இருந்தால் போதும் என்பதை அவனே கணக்குப் போட்டுப் பார்த்தால்? "இவ்வளவுதானா?" என்று திகைக்கிறான். அந்தத் திகைப்பு மறப்பதில்லை.

சபாநாயகர் சாதாரணமாக வோட்டுப் போடுவதில்லை. இரு பக்கமும் சமமாக நின்றால் மட்டுமே போடுவார். இதைப் படித்தவனை விட, 20க்கு 20 என்று வகுப்பு பிளந்து நிற்கும்போது சபாநாயகர் நாற்காலியில் வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்தவன் நன்றாக அறிவான்!

நாடகமா, விளையாட்டா?

ஆனால் ஒரு குறை உண்டு. போட்டி என்றால் பரிசு உண்டு. பரிசு என்றதும் உபாத்தியாயர் பேனாவை எடுத்து விடுகிறார். கேள்வியும் அவர் எழுதியது. பதிலும் அவர் எழுதியது. எதிர்க்கட்சி எந்த வரியில் கூச்சல் போட வேண்டும், எந்த வரியில் அடங்க வேண்டும் என்பது வரை ஒத்திகை! மசோதா நிறைவேறும் என்பது வாயிற்காவலனுக்குக் கூட முன்பே தெரியும்.

அது நாடகம். முடிவு தெரியாமல் ஆடுவதுதான் விளையாட்டு.

பூங்காவில் வண்டி வரலாமா?

ஒரு விளையாட்டைச் சொல்கிறோம். "பூங்காவுக்குள் வண்டிகள் வரக் கூடாது." இவ்வளவுதான் மசோதா. ஆங்கிலச் சட்ட அறிஞர் ஹெச். எல். ஏ. ஹார்ட் 1958ல் ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டிய விதி இது. சட்டம் கற்பிக்கும் வகுப்புகளில் இன்றும் பயன்படுகிறது.

சைக்கிள் வண்டிதானா? குழந்தையைத் தள்ளும் வண்டி? ஐஸ்காரரின் தள்ளுவண்டி? மயங்கி விழுந்தவரை ஏற்ற வரும் ஆம்புலன்ஸ்? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு திருத்தம் பிறக்கும். திருத்தத்துக்குத் திருத்தம் பிறக்கும். ஒரு சொல்லைத் தப்பாகப் போட்டால் யார் வயிற்றில் அடி விழும் என்பது பையன்களுக்குப் புரியும்.

இன்னும் சுவை வேண்டுமா? ஆளுக்கொரு சீட்டுக் கொடுங்கள். ஒருவர் தொகுதியில் வியாபாரிகள் அதிகம். இன்னொருவர் தொகுதியில் வயோதிகர்கள் அதிகம். கட்சி ஒன்று சொல்லும், தொகுதி வேறொன்று சொல்லும். 1985ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி வோட்டுப் போடும் அங்கத்தினர் பதவியையே இழக்க நேரிடும். என்ன செய்வது? கொறடாக்கள் மாநாட்டில் பிறந்த யோசனை, கொறடாவின் அதிகாரத்தையே யோசிக்க வைக்கிறது!

அமெரிக்க நீதிபதியின் முயற்சி

அமெரிக்காவின் சுப்ரீம் கோர்ட்டில் அமர்ந்த முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓகானர். ஓய்வு பெற்ற பின், 2009ல் மாணவர்களுக்காகக் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் தயாரிக்கும் ஸ்தாபனத்தைத் தொடங்கினார். "ஐசிவிக்ஸ்" என்பது அதன் பெயர். அதன் விளையாட்டு ஒன்றில் மாணவரே காங்கிரஸ் சபை அங்கத்தினராகி, விட்டுக் கொடுத்து, வோட்டுச் சேர்த்து, மசோதாவைச் சட்டமாக்க வேண்டும்.

அடுத்த வருஷமே வோட்டர்!

நம் நாட்டில் வோட்டுரிமை வயது 1989ல் 21லிருந்து 18 ஆகக் குறைந்தது. இன்று பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பவர் அடுத்த வருஷம் வோட்டர். வாதத்தில் தோற்றால் கோபிக்காமல் உட்காரவும், ஜெயித்தால் தோற்றவர் சொன்னதையும் காதில் வாங்கவும் அவர் எங்கே பழகுவார்? தேர்தல் கூட்டத்திலா?

செலவு அதிகமில்லை. நாற்பது துண்டுச் சீட்டு, ஒரு மணி, வாரத்தில் ஒரு பீரியட் போதும். உபாத்தியாயர்கள் நடத்திப் பார்க்கலாம். ஒரே நிபந்தனை: மசோதா தோற்றால் தோற்கட்டும் என்று அவர்கள் சும்மா இருக்க வேண்டும்!