தாய்மாமனைக் கட்டலாமா? குரோமோசோம் சொல்லும் கணக்கு



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் தவணை எல்லாம் எழுதி முடித்த பிறகு பேச்சு வீட்டுப் பக்கம் திரும்பிவிடும். கல்யாணப் பேச்சு வந்தால் இந்தக் கேள்வியும் வந்துவிடும். "சொந்தத்துல கட்டுனா பிள்ளை குறையோட பொறக்கும்னு நர்சம்மா சொல்றாங்க. எங்க பாட்டி, அம்மா எல்லாம் தாய்மாமனைத்தானே கட்டுனாங்க? நாங்க நல்லாத்தானே இருக்கோம்?"

நியாயமான கேள்விதான். பதில் தெரிய வேண்டுமானால் குரோமோசோம் என்றால் என்ன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நம் உடம்பு கோடி கோடி செல்களால் ஆனது. ஏறக்குறைய எல்லா செல்லுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத நூல் மாதிரி 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. (முன்பு 48 என்றுதான் நினைத்திருந்தார்கள். 1956ல்தான் சரியாக எண்ணினார்கள்.) இவை 23 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அம்மா தந்தது, இன்னொன்று அப்பா தந்தது. முடி சுருட்டையா, தோல் என்ன நிறம், காது எப்படிக் கேட்க வேண்டும், ரத்தம் எப்படி ஊற வேண்டும் என்ற குறிப்புகள் எல்லாம் இந்த நூலில்தான் இருக்கின்றன. அந்தக் குறிப்புக்குப் பெயர்தான் மரபணு, அதாவது ஜீன்.

இந்த 23 ஜோடியில் ஒரு ஜோடிதான் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ், எக்ஸ். ஆணுக்கு எக்ஸ், ஒய். அம்மா எப்போதும் எக்ஸ்தான் தர முடியும். அப்பாவிடமிருந்து எக்ஸ் வந்தால் பெண், ஒய் வந்தால் ஆண். 1905ல் மாவுப்புழு வண்டை ஆராய்ந்து, ஆண் பெண் வேறுபாடு குரோமோசோமில்தான் இருக்கிறது என்று காட்டியவர் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. "பொட்டப் புள்ளையாவே பெத்துப் போடுறா" என்று மருமகளைத் திட்டும் மாமியாருக்கு இதைச் சொல்லுங்கள். மகனையும் திட்ட வேண்டாம். எது போய்ச் சேரும் என்பது அவர் கையிலும் இல்லை.

சரி, தாய்மாமன் விஷயத்துக்கு வருவோம்.

ஒவ்வொரு குறிப்பும் நம்மிடம் இரண்டு பிரதி இருக்கிறது. பல நோய்களில் ஒரு பிரதி பழுதாக இருந்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். அந்த ஆள் நல்லாவே இருப்பார், பழுது இருப்பதே தெரியாது. நம் ஒவ்வொருவரிடமும் இப்படிச் சில பழுதுகள் ஒளிந்திருக்கின்றன. யாரும் விதிவிலக்கு இல்லை. கணவனிடமும் மனைவியிடமும் அதே குறிப்பில் பழுது இருந்தால்தான் சிக்கல். இரண்டு பழுதான பிரதியும் ஒரே பிள்ளைக்குப் போய்ச் சேரும் வாய்ப்பு 4ல் 1. பிறவியிலேயே காது கேளாமை பலருக்கு இப்படித்தான் வருகிறது. தலசீமியா என்ற ரத்தச் சோகை நோயும் அப்படியே.

இந்த 4ல் 1 என்பது ஒவ்வொரு பிரசவத்துக்கும் புதுக் கணக்கு. "மூத்தவனுக்கு வந்துடுச்சு, இனி மூணு பிள்ளைக்கு வராது" என்று நினைப்பது தப்பு.

அந்நியத்தில் கட்டினால் இருவரிடமும் ஒரே பழுது இருப்பது அபூர்வம். சொந்தத்தில் அப்படி இல்லை. ஒரு பாட்டியிடம் ஒரு பழுது இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது மகனுக்கு வர 2ல் 1 வாய்ப்பு. மகள் வழியாகப் பேத்திக்கு வர 4ல் 1. அந்த மகன் அக்கா மகளைக் கட்டினால், இருவரிடமும் அது இருக்க 8ல் 1 வாய்ப்பு. அவர்கள் பிள்ளைக்கு நோயாக வர 32ல் 1. அத்தை மகன், மாமன் மகள் கட்டினால் இதே கணக்கு 64ல் 1. இது ஒரு பாட்டியின் ஒரே ஒரு பழுதுக்கான கணக்கு. தாத்தாவுடையதும் சேரும்.

அதனால்தான் பாட்டி, அம்மா நல்லா இருந்தார்கள். பெரும்பாலான பிள்ளைகள் நல்லாவே பிறக்கும். அந்நியத்தில் கட்டியவர்களுக்கும் 100க்கு 2, 3 பிள்ளை ஏதோ ஒரு பிறவிக் குறையோடு பிறக்கத்தான் செய்கிறது. அத்தை மகன், மாமன் மகள் என்றால் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. தாய்மாமன் என்றால் இன்னும் கூடும். ஊர் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் சின்ன எண்ணிக்கை. அந்தப் பிள்ளை நம் வீட்டில் பிறந்தால் சின்னது இல்லை.

"ரத்த குரூப் வேற வேறயா இருக்கு, பயமில்லை" என்று சிலர் கட்டி வைக்கிறார்கள். ரத்த குரூப் வேறு, இந்தப் பழுது வேறு. குரூப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஏற்கெனவே சொந்தத்தில் கட்டியவர்கள் பயந்துகொண்டிருக்க வேண்டாம். கர்ப்பம் பதியும்போதே "நாங்க சொந்தம்" என்று நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். குடும்பத்தில் யாருக்காவது காது கேளாமை, அடிக்கடி ரத்தம் ஏற்றும் நோய், சின்ன வயதில் இறந்த பிள்ளைகள் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஐந்தாம் மாத ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். (ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள். 1994ஆம் வருடச் சட்டப்படி அது குற்றம்.) பிள்ளை பிறந்ததும் காது கேட்கும் பரிசோதனை கேட்டு வாங்குங்கள். முதல் மாதத்திலேயே செய்யலாம், வலிக்காது. "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசுனான்" என்று மூன்று வயது வரை காத்திருந்தால் காலம் போய்விடும். காக்ளியர் இம்பிளாண்ட் அறுவை சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு, ஆனால் ஆறு வயதுக்குள் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் செய்கிறோமோ அவ்வளவு நன்றாகப் பேச்சு வரும்.